மஞ்சள் தண்ணீரும் தென்னை நார்க்கழிவும்

நேயர்களுக்கு வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் பஸ்ஸில் போனவர்கள், நார் ஆலைகளை ஒட்டிச் செம்பழுப்பாகக் குவிந்து கிடக்கும் தென்னை நார்க்கழிவைப் பார்த்திருப்பீர்கள். வியாபாரிகள் அதைக் காயர் பித் என்பார்கள். ஒரு கிலோ நார் பிரித்தால் ஏறக்குறைய இரண்டு கிலோ பித் மிஞ்சும்.

அங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில் கோயம்புத்தூர். அங்குள்ள பட்டறைகளில் குரோமிய முலாம் பூசிய சாமானை அலசும் தண்ணீர் மஞ்சளாக ஓடும். பார்வைக்கு மஞ்சள்தூள் கரைத்த தண்ணீர்போல இருந்தாலும், அதில் கரைந்திருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம்; புற்றுநோய் உண்டாக்குவது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை.

இந்தத் தண்ணீரில் அமிலத்தன்மையைக் கூட்டி, அதாவது பி.எச். அளவை 2-க்கு அருகே கொண்டுவந்து, பித்தைப் போட்டுக் கலக்கினால் மஞ்சள் மெல்ல மறையும். பித்தில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள், அமிலத்தில் நேர்மின்னூட்டம் பெற்று, எதிர்மின்னூட்டமுள்ள குரோமேட்டை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் அந்தக் குரோமிய வடிவத்தை, இழுத்துக்கொள்கிறது. பச்சைப் பித்தைப் போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகிவிடும். ஆகவே முன்னதாகவே கழுவியோ கரியாக்கியோ பயன்படுத்துவார்கள்.

மஞ்சள் மறைந்ததும் கைதட்டுகிறோமே, அங்கேதான் ஏமாறுகிறோம். குரோமியத்தில் ஒரு பகுதி பித்தில் ஒட்டுவதில்லை. மூன்று இணைதிறனுக்கு மாறி, கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. அதன் நச்சு மிகக் குறைவு, உண்மைதான். ஆனாலும் சுண்ணாம்பு சேர்த்து அதைப் படியவைத்த பிறகே தண்ணீரை வெளியே விட வேண்டும். நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் மொத்தக் குரோமியத்தை அளந்து பாருங்கள்.

சரி, குரோமியம் ஏறிய பித்தை என்ன செய்வது? ஆய்வுக்கூடங்களில் இந்தக் கேள்விக்குக் கடைசி நாற்காலிதான் கிடைக்கிறது என்பது என் வருத்தம். அடுப்பில் போட்டு எரித்தால், சாம்பலின் காரத்தில் குரோமியம் மறுபடியும் பழைய நச்சு வடிவத்துக்குத் திரும்பக்கூடும். அமிலமோ காரமோ விட்டுக் கழுவி, இரண்டு மூன்று முறை திரும்பப் பயன்படுத்தலாம். அதற்குமேல் அது அபாயகரக் கழிவு. கும்மிடிப்பூண்டியில் இருப்பதுபோன்ற, அதற்கென்று அமைந்த தளத்துக்குத்தான் போக வேண்டும்.

நம் நாற்றங்கால்களில் மண்ணுக்குப் பதிலாக நிரப்புவதும் இதே பித்தைத்தான். பயன்படுத்திய மூட்டையும் புது மூட்டையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பட்டறைக்காரர்களே, அந்த மூட்டைக்குச் சிவப்புச் சாயம் பூசி, தனி அறையில் பூட்டி வையுங்கள்.