பென்சிலோடு படிக்க வேண்டிய புத்தகங்கள்

வணக்கம். அரங்குக்குள் நுழையும்போதே ஒரு மாணவி என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், பரிணாம உயிரியலைக் கணக்கோடு சேர்த்துப் படிக்கணும். டார்வினில் ஆரம்பிக்கட்டுமா?"

டார்வினைக் கட்டாயம் படியுங்கள். ஆனால் 1859இல் வந்த அவருடைய 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் ஒரு சமன்பாடுகூடக் கிடையாது. சரி, பரிணாமத்துக்குள் கணக்கைக் கொண்டுவந்த மூலவர்களில் ஒருவர் புள்ளியியலாளர் ஃபிஷர்தானே, அவருடைய 1930 நூலை எடுக்கலாமா என்றால், அதுவும் வேண்டாம். கும்பிட வேண்டிய புத்தகம்தான்; முதலில் பிரிக்க வேண்டிய புத்தகம் அல்ல.

நான் புத்தகம் பொறுக்கும் வழியைச் சொல்கிறேன். ஓங்கு பண்பு, அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்பட்டுவிடும் பண்பு, நாளடைவில் எல்லோரிடமும் பரவிவிடாதா என்றொரு சந்தேகம் அன்று இருந்தது. மரபியலாளர் பன்னெட் அதைக் கணிதவியலாளர் ஹார்டியிடம் கொண்டுபோனார். பின்னாளில் நம் ராமானுஜனின் கடிதத்தைப் பிரித்த அதே ஹார்டிதான். இயற்கைத் தேர்வு, தற்செயல் போன்றவை குறுக்கிடாமல், இணைசேர்தல் கலந்துகட்டி நடந்தால் மரபணு வகைகளின் விகிதம் தலைமுறைதோறும் மாறாது என்று 1908இல் அவர் காட்டினார். பள்ளிக்கூடப் பெருக்கல் தெரிந்தால் போதும். வைன்பர்க் என்ற ஜெர்மன் மருத்துவரும் அதே ஆண்டில் தனியாக இதைக் கண்டார்.

கடையில் புத்தகத்தைப் புரட்டி, ஹார்டியின் இந்த விதி வரும் பக்கத்தைத் தேடுங்கள். விடையை மட்டும் கட்டம் கட்டிப் போட்டிருந்தால் புத்தகத்தை வைத்துவிடுங்கள். உங்களையே போட்டுப் பார்க்க வைத்து, அப்புறம் அந்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாக உடைத்துக் காட்டினால் வாங்குங்கள்.

கில்லெஸ்பியின் 'பாப்புலேஷன் ஜெனிடிக்ஸ்: எ கன்சைஸ் கைடு' அப்படிப்பட்டது. ஒல்லியான புத்தகம். ஹார்டி விதிக்கு அடுத்தே தற்செயல் நகர்வு வந்துவிடும். இயற்கைத் தேர்வு அதற்கும் பிறகுதான். அந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும். தேர்வையே முதலில் படித்தவர்களுக்குப் பார்க்கும் மாற்றமெல்லாம் தேர்வின் வேலையாகத்தான் தெரியும். இருபது புளியங்கொட்டையில் பாதியை ஒருபக்கம் உரசி, ஒரு பையில் போட்டு, ஒன்றை எடுத்து, குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டு, இப்படி இருபது முறை எடுத்துப் பாருங்கள். யாரும் தேர்ந்தெடுக்காமலே, எடுத்தவற்றின் விகிதம் பெரும்பாலும் பாதிக்குப் பாதியிலிருந்து நகர்ந்திருக்கும். அதுதான் தற்செயல் நகர்வு.

கணக்கென்றால் பயமா? சாரா ஆட்டோவும் டிராய் டேயும் எழுதிய 2007 நூல் இருக்கிறது. கனமானது, ஆனால் ஒரு கேள்வியைச் சமன்பாடாக மாற்றுவது எப்படி என்பதிலிருந்தே தொடங்கும். நோவாக்கின் 'எவல்யூஷனரி டைனமிக்ஸ்' அழகுதான். அவசரக்கார ஆசிரியர், அடுத்த வருஷம் பார்க்கலாம். கையில் காசில்லை என்றால் ஃபெல்சன்ஸ்டைனின் பாடநூல் இணையத்தில் இலவசம்.

அதனால், அம்மா, கில்லெஸ்பியை எடுங்கள். கூடவே ஒரு நோட்டும்.