கிண்டிக்கு வந்த கங்காரு வால்

நேயர்களுக்கு வணக்கம். யுனிவர்சிட்டில ஆராய்ச்சி பண்றவங்களுக்கு எங்கேர்ந்து ஐடியா வருது, எது அவங்கள அந்த வேலைக்குள்ள இழுக்குதுன்னு பேசச் சொல்லி கூப்பிட்டாங்க. இப்படி ஒரு தலைப்பு கொடுத்தா யாரா இருந்தாலும் முதல்ல சர் சி.வி.ராமனோட கப்பல் கதையத்தான் எடுப்பாங்க, நானும் சொல்லிட்டு சீக்கிரமா தாண்டிடறேன். 1921ல கல்கத்தா யுனிவர்சிட்டி சார்பா இங்கிலாந்து போயிட்டு திரும்பறப்போ மத்தியதரைக் கடலோட நீலத்த பார்த்தார், அது வெறும் வானத்தோட பிரதிபலிப்புன்னு ராலே பிரபுங்கற ஆங்கிலேய இயற்பியலாளர் சொல்லி வெச்சிருந்தார், இவர் பிரதிபலிச்சு வர்ற ஒளிய தடுக்கற நிகோல் பட்டகம்னு ஒரு படிகத்த வெச்சு அந்த பிரதிபலிப்ப வெட்டிட்டுப் பார்த்தா அப்பவும் நீலம் அப்படியே இருக்கு, அப்போ தண்ணியே ஒளிய சிதறடிக்குதுன்னு ஆரம்பிச்ச வேலை 1928ல, சிதறின ஒளில கொஞ்சம் நிறம் மாறுதுங்கற ராமன் விளைவுல போய் முடிஞ்சுது.

அருமையான கதைதான், ஆனா இதையே திரும்பத் திரும்பக் கேட்டு, ஆராய்ச்சின்னா தனியா நின்னு கடல வெறிச்சுப் பாக்கணும், திடீர்னு பொறி தட்டும்னு பசங்க நெனச்சுக்கறாங்க. நிறைய விஷயம் அப்படி வர்றதில்லைங்க. வந்த விருந்தாளி பேச்சுவாக்குல ஒண்ணு சொல்லிட்டுப் போவார், அது மண்டைக்குள்ள உட்கார்ந்துக்கும். இல்லன்னா எவனாவது "உன் கணக்கு தப்பு"ன்னு சொல்லிடுவான், அந்த ரோஷம் பத்து வருஷம் வேலை வாங்கும். ரெண்டுமே ஒரே ஆளுக்கு நடந்திருக்கு, அதுவும் நம்ம மெட்ராஸ்ல.

ஜி.என்.ராமச்சந்திரன். 1922ல எர்ணாகுளத்துல பிறந்தவர். பெங்களூர் இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் சயின்ஸ்ல எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படிக்கப் போனவர, இவன் மூளைக்கு இங்க வாடான்னு ராமன் தன்னோட பிசிக்ஸ் பக்கம் இழுத்துக்கிட்டார். அப்புறம் கேம்பிரிட்ஜ் போயிட்டு வந்தார். 1952ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி பிசிக்ஸ் துறைக்கு தலைவரா வர்றப்போ முப்பது வயசு வாக்குல இருக்கும். துணைவேந்தர் ஏ.லட்சுமணசுவாமி முதலியார் டாக்டர், பிசிக்ஸ்காரர் இல்ல, ஆனா கிண்டில, எக்ஸ்ரேய பாய்ச்சி ஒரு பொருளுக்குள்ள அணுக்கள் எப்படி அடுக்கி இருக்குன்னு பாக்கற லேப் அமைக்கறதுக்கு கேட்டத கொடுத்தார். இந்த மாதிரி ஆளுங்கள பத்தி யாரும் பெருசா பேசறதில்ல, பேசணும்.

லேப் வந்தாச்சு, எத வெச்சு வேலை பண்றது? அப்பதான் லண்டன்லேர்ந்து ஜே.டி.பெர்னால்னு ஒரு பெரிய படிகவியல் நிபுணர், அதாவது இந்த எக்ஸ்ரே வேலைல கரை கண்டவர், மெட்ராஸ் வந்தார். பேசிக்கிட்டு இருக்கறப்போ, கொலாஜனோட அமைப்பு இன்னும் யாருக்கும் சரியா பிடிபடலன்னு சொன்னார். கொலாஜன் நம்ம தோல், தசைநாண், எலும்புல எல்லாம் இருக்கற புரதம், உடம்புல இருக்கற புரதத்துல கால்வாசியாவது இதுதான். அமெரிக்காவோட பெரிய வேதியியலாளர் லைனஸ் பாலிங்கே 1951ல ஒரு மாடல் போட்டு அது சரியா வரல. பெர்னால் சொல்லிட்டு போயிட்டார். ராமச்சந்திரன் பிடிச்சுக்கிட்டார்.

கொலாஜனுக்கு எங்க போறது? கிட்டக்கவே தோல் ஆராய்ச்சி நிலையம், அதாவது சிஎல்ஆர்ஐ. அங்கேர்ந்து கொஞ்சம் வாங்கினாங்க, அப்புறம் ஆஸ்திரேலியாலேர்ந்து கங்காரு வால் தசைநாண் வரவழைச்சாங்க, ஏன்னா அதுல எக்ஸ்ரே படம் தெளிவா விழுது. புரதம்னாலே அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிதான். கூட வேலை பார்த்த கோபிநாத் கர்த்தாவும் இவரும் சேர்ந்து உட்கார்ந்து, கொலாஜன் அந்த மாதிரி மூணு சங்கிலி கொண்ட அமைப்புன்னு 1954ல நேச்சர் பத்திரிகைல போட்டாங்க. ஆனா எக்ஸ்ரே படத்தோட முழுசா ஒத்துப் போகல. அந்த இடத்துல அவருக்கு கைகொடுத்தது நிலா. நிலா பூமிய சுத்தறப்போ ஒரே முகத்தத்தான நமக்கு காட்டுது? ஒவ்வொரு சங்கிலியும் அந்த மாதிரி நடு அச்ச சுத்திக்கிட்டே தானும் திரும்பினா என்னன்னு யோசிச்சார். 1955ல முப்புரிக் கயிறு மாதிரி முறுக்கின மாடல் வந்துது. மூணு மூணு அமினோ அமிலத்துக்கு ஒரு தடவை கிளைசின்ங்கற அமினோ அமிலம் ஏன் வருதுங்கறதுக்கும் விளக்கம் கிடைச்சுது: கயிறோட உள்பக்கம் ஒரு ஹைட்ரஜனுக்கு மேல இடமே இல்ல, கிளைசினுக்கு மட்டும்தான் பக்கவாட்டுல வெறும் ஒரு ஹைட்ரஜன்.

அடுத்த அடி அதே வருஷம் விழுந்துது. அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும், ஆமா டிஎன்ஏ அமைப்ப கண்டுபிடிச்ச அதே கிரிக்தான், முறுக்கு சரி, ஆனா இவங்க மாடல்ல சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி உட்கார்ந்திருக்குன்னாங்க. சங்கிலிகள ஒண்ணோட ஒண்ணு சேர்த்துப் பிடிக்கற ஹைட்ரஜன் பிணைப்பு எத்தனைங்கற விஷயத்துல உண்மை கடைசில அவங்க பக்கம்தான் நின்னுது, அத மறைக்க வேண்டியதில்ல. ஆனா ராமச்சந்திரன் கேட்ட கேள்வி வேற. நெருக்கம் நெருக்கம்ங்கறீங்களே, ரெண்டு அணு எவ்ளோ கிட்ட வரலாம்னு யார் முடிவு பண்ணினது?

அத அவரும் மாணவர்களும் உட்கார்ந்து முதல்லேர்ந்து தோண்டினாங்க. அதுவரைக்கும் வெளிவந்திருந்த அமினோ அமிலம், பெப்டைடு (சில அமினோ அமிலம் சேர்ந்த குட்டிச் சங்கிலி) படிக அமைப்புகள எல்லாம் எடுத்து, நிஜத்துல எந்த அணு எந்த அணுவோட எவ்ளோ கிட்ட வந்திருக்குன்னு பட்டியல் போட்டாங்க. புரதச் சங்கிலில ஒவ்வொரு கண்ணிக்கும், அதாவது ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும், ஃபை, சை னு ரெண்டு கோணம் திரும்பும், எந்தெந்த கோணத்துல அணுக்கள் முட்டிக்காதுன்னு மேசைக் கால்குலேட்டர வெச்சு ஒண்ணொண்ணா கணக்கு போட்டு கட்டத்துல குறிச்சாங்க. பார்த்தா பெரும்பாலான இடம் தடை, கொஞ்சூண்டு திட்டுகள்தான் மிஞ்சுது. 1963ல சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் கூட சேர்ந்து அத வெளியிட்டார். அதுதான் ராமச்சந்திரன் வரைபடம். மாடல பத்தி வந்த ஒரு குத்தல் பேச்சுலேர்ந்து, மாடலவிட பெரிய விஷயம் பொறந்துது, என்னைக் கேட்டா கொலாஜனவிட இதுதான் அவரோட சொத்து.

நோபல் கிடைக்கல. அதுல ஆதங்கப்படறவங்க நிறைய பேர், நானும் உண்டு. ஆனா இன்னிக்கு உலகத்துல எந்த லேப்ல ஒரு புரதத்தோட அமைப்ப கண்டுபிடிச்சாலும், கம்ப்யூட்டரே ஊகிச்சு கொடுத்தாலும், சரியா இருக்கான்னு முதல்ல இந்த வரைபடத்துல வெச்சுத்தான் பாக்கறாங்க. வீட்ல பயாலஜி படிக்கற பிள்ளைங்க இருந்தா புரத அமைப்புகள சேர்த்து வெச்சிருக்கற புரோட்டீன் டேட்டா பேங்க்குன்னு நெட்ல தேடச் சொல்லுங்க, காசு கிடையாது, ஏதாவது ஒரு புரதத்தோட சரிபார்ப்பு அறிக்கைய திறந்தா ராமச்சந்திரன் பேரு அப்படியே இருக்கும், எத்தனை கண்ணி அந்த திட்டுக்கு வெளிய நிக்குதுன்னு கணக்கோட.