பாட்டு வராத வேகத்தில் நட

பெரியோர்களே, நண்பர்களே!

"தினமும் நடக்கிறேன், ஆனாலும் மறதி குறையவில்லையே" என்கிறவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது உங்களால் பாட முடிகிறதா? முடிந்தால் வேகம் போதாது. பேச முடிய வேண்டும். பாட முயன்றால் மூச்சு வாங்க வேண்டும்.

இரு காதுகளுக்கும் நேர் உள்ளே, மூளையின் ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது ஹிப்போகாம்பஸ். புதிய நினைவுகள் பதிவது இதன் உதவியால்தான். முதுமையில் இது ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் வரை சுருங்குகிறது. 2011-இல் கிர்க் எரிக்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 55 முதல் 80 வயது வரையுள்ள 120 பேரில் ஒரு பாதியினர் வாரம் மூன்று நாள் வேகமாக நடந்தார்கள். மறு பாதியினர் உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி செய்தார்கள். ஓராண்டு முடிவில், நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது, மற்றவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. நினைவாற்றல் சோதனையில் இரு குழுவினருமே முன்னேறினார்கள், அதை மறைக்கக் கூடாது. ஆனால் நடந்தவர்களில், ஹிப்போகாம்பஸ் பெருத்த அளவுக்கு நினைவாற்றலும் கூடியிருந்தது. நரம்பணுக்களின் இணைப்புகளை வளர்க்கும் பி.டி.என்.எஃப் என்ற புரதமும் அவர்களுக்கு அதற்கேற்ப உயர்ந்திருந்தது.

அவர்கள் நடந்த முறைதான் நமக்கு முக்கியம். முதல் வாரம் 10 நிமிடம்தான். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி, ஏழாவது வாரத்தில் 40 நிமிடம். எடுத்த எடுப்பில் 40 நிமிடம் நடப்பவர்கள்தான் பாதியில் விடுகிறார்கள். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். தசைநாண்கள் பழக நாளாகும். குதிகாலும் முழங்காலும் வலிக்கத் தொடங்கியதும் நடை நின்றுபோகிறது.

நாடித்துடிப்பையும் கணக்குப் போடலாம். வயது 60, ஓய்வில் நாடி 70 என்று வைத்துக்கொள்வோம். 220-இல் வயதைக் கழித்தால் 160. நாடி எட்டக்கூடிய உச்சம் தோராயமாக இதுதான். அதில் 70-ஐக் கழித்தால் மிச்சம் 90. இந்த 90-இல் பாதி 45. அதை 70-உடன் கூட்டினால் 115. 90-இல் 60 சதவீதமான 54-ஐக் கூட்டினால் 124. முதல் ஏழு வாரம் 115 முதல் 124 வரை போதும். அதன்பிறகு 90-இல் 60 முதல் 75 சதவீதத்தை 70-உடன் கூட்டிக்கொள்ளுங்கள், அதாவது 124 முதல் 137 வரை.

ரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்தக் கணக்கைத் தொடவே வேண்டாம். அந்த மருந்து நாடியை உயரவிடாது. எண்ணை எட்டிப் பிடிக்கப் போனால் உடலை வருத்திக்கொள்வீர்கள். உங்களுக்குப் பேச்சு, பாட்டுச் சோதனைதான் சரி.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்கிறது. மூன்று நாள் நடந்தால் 120 ஆகிறது. இன்னொரு நாள் 30 நிமிடம் சேருங்கள். இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும்.

நடுவில் நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நின்றுவிடுங்கள். மருத்துவரைப் பார்த்த பிறகுதான் அடுத்த நடை. காய்ச்சலால் இரண்டு வாரம் விட்டுப்போனால், விட்ட நிமிடத்திலிருந்து தொடங்காமல் 10 நிமிடம் குறைத்துத் தொடங்குங்கள்.