பால் திரைஞ்சாப் பயப்படாதீங்க: மட்டக்களப்பு அடுப்பில தாய்லாந்துப் பச்சைக்கறி

[காட்சி: அடுப்பில தாச்சி. கொதிக்கிற தேங்காய்ப்பாலின்ர ஓரத்தில எண்ணெய் மினுங்குது.]

இந்தத் தாச்சியை நல்லா உத்துப் பாருங்க. தேங்காய்ப்பால் திரைஞ்சு போச்சு. வெள்ளையாச் சின்னச் சின்னக் கட்டி, சுத்தித் தெளிஞ்ச எண்ணெய். நம்மட வீட்டுல சொதி இப்பிடி வந்தா அம்மா விடமாட்டா. "கிண்டு மனே, பாலைத் திரைய விடாத" எண்டு பக்கத்திலயே நிண்டு சொல்லுவா. இண்டைக்கு நான் வேணுமெண்டுதான் திரைய வைக்கிறன். தாய்லாந்துப் பச்சைக்கறிக்கு இதுதான் தொடக்கம்.

முதல்முறை எனக்குப் பிழைச்சதும் இந்த இடத்திலதான். நம்மட பழக்கத்தில, அரைச்ச கூட்டை, அதாவது மசாலா விழுதை, இரண்டாம் பாலில கரைச்சுக் கொதிக்கவிட்டு, முதற்பாலைக் கடைசியா ஊத்தி இறக்கினன். பார்க்க வடிவாத்தான் இருந்திச்சு. வாயில வைச்சா உள்ளியும் கொச்சிக்காயும் ஒரே பச்சை வாடை. கூட்டு வதங்கவே இல்ல.

[காட்சி: கண்ணாடிக் கோப்பையில முதற்பால், கிட்டத்தில.]

தேங்காய்ப்பால் எண்டது தண்ணிக்குள்ள மிதக்கிற நுண்ணிய எண்ணெய்த் துளிகள். துளியோட துளி சேராம, தேங்காயில இருக்கிற புரதம் ஒவ்வொண்டையும் போர்வை மாதிரி மூடியிருக்கு. சூடு ஏற ஏற அந்தப் போர்வை குலையும், துளிகள் ஒண்டாகும், எண்ணெய் மேல வரும். சொதிக்கு அது கூடாது. பச்சைக்கறிக்கு அதுதான் வேணும். ஏனெண்டா, தண்ணி நிறைய இருக்கிறவரை தாச்சிக்குள்ள சூடு 100 பாகை செல்சியசைத் தாண்டாது. தண்ணி வத்தி எண்ணெய் பிரிஞ்சாப் பிறகுதான் சூடு அதுக்கு மேல போய், கூட்டு பொரியும். வாசமும் எண்ணெயிலதான் நல்லா இறங்கும்.

பெட்டியில வாற பால் பலதுல, பிரியாம இருக்கச் சேர்மானம் போட்டிருப்பாங்க. எவ்வளவு காய்ச்சினாலும் லேசில எண்ணெய் விடாது. நம்மட வீடுகளில திருவலை இருக்கு, தேங்காய் இருக்கு. இந்தக் கறிக்கு அதை விடப் பெரிய வசதி வேற இல்ல. ஒரு முழுத்தேங்காய்ப் பூவுக்கு அரைத் தம்ளர் இளஞ்சூட்டுத் தண்ணி விட்டுப் பிழிஞ்சு, முதற்பாலைத் தனியா வைங்க.

[காட்சி: அம்மி. குழவி உருள்ற சத்தம் மட்டும்.]

இப்ப கூட்டு. தாய்லாந்தில இதைக் கல் உரலில இடிப்பாங்க. நமக்கு அம்மி போதும். காய்ஞ்சதுதான் முதல்ல: வறுத்த மல்லி, சின்னச்சீரகம், வெள்ளை மிளகு, கொஞ்சம் உப்பு. பிறகு நார் உள்ளது: எலுமிச்சம்புல்லின்ர அடித்தண்டு, அரத்தை. ஈரமானது கடைசி: பச்சைக் கொச்சிக்காய், சின்ன வெங்காயம், உள்ளி. ஈரத்தை முதல்ல வைச்சா நார் வழுக்கிக்கொண்டு ஓடும், மசியாது. தண்ணி தெளிக்காதீங்க. கிரைண்டரில போட்டா சுத்துறதுக்கே தண்ணி கேக்கும், அந்தத் தண்ணி வத்துறவரைக்கும் கூட்டு பொரியாது.

கபி எண்டு இறாலைப் புளிக்க வைச்ச ஒரு விழுதும் இதில சேரும். கிடைக்காட்டி, நம்மட கூனியை வெறும் சட்டியில வறுத்து, கூட்டோட வைச்சு அரைங்க. புளிப்பேறின அந்த மணம் வராது, இறாலின்ர ருசி வந்திரும். மீன் சோஸ் நெத்தலி மாதிரிச் சின்ன மீனையும் உப்பையும் மாசக்கணக்கா ஊற வைச்சு எடுக்கிறது. மணந்து பார்த்துட்டு மூஞ்சியைச் சுளிக்காதீங்க, கருவாட்டுக் குழம்பு சாப்பிடுற நமக்கு அது அந்நியமில்ல. உப்பு அதிகம், அதனால கறிக்கு வேற உப்புப் போட முதல் ருசி பாருங்க.

மக்ரூட் எலுமிச்சையின்ர இலை, ரெண்டு இலையை ஒட்டி வைச்ச மாதிரி இருக்கும். அது இல்லாட்டித் தேசி இலையின்ர கொழுந்து ரெண்டு. மணம் குறைவுதான், ஆனா வேற எதையும் விட இது நல்லம். ரம்பை இலை இந்தக் கறிக்கு வேணாம். அதே ரம்பையைத்தான் தாய்லாந்திலயும் மலேசியாவிலயும் இனிப்புப் பலகாரத்துக்குப் போடுறாங்க.

[காட்சி: மறுபடி தாச்சி.]

முதற்பாலில பாதியை ஊத்தி, நடுத்தரச் சூட்டில வைங்க. இப்ப கண்ணை விடக் காதுதான் முக்கியம். முதல்ல களக்களக் எண்டு பெரிய குமிழி. கொஞ்சத்தில சத்தம் ஒடுங்கிச் சிர்ர் எண்டு வரும். அதுதான் தண்ணி வத்தின சத்தம். கூட்டைப் போட்டு, அடுப்படி முழுக்க மணக்கிறவரைக்கும் கிண்டுங்க. பச்சை கொஞ்சம் மங்கும், பரவாயில்ல. மிச்ச முதற்பால், இரண்டாம் பால், இலை, கொஞ்சம் சர்க்கரை, மீன் சோஸ். நல்லாக் கொதிச்சாப் பிறகு வாவி இறால். அது சுருண்டு சிவந்த உடனே அடுப்பை நிப்பாட்டிருங்க, நிண்டா ரப்பராகும்.

அங்க இறக்கினதும் இனிப்பு மணமுள்ள ஒரு துளசியைப் போடுவாங்க. அது நம்மட முத்தத்துத் துளசி இல்ல, அதின்ர சொந்தம். மாடத்துத் துளசியைக் கறியில போட மனம் வராட்டி விட்டிருங்க. சுடச்சுடச் சோத்தில ஊத்துங்க, மேல மிதக்கிற எண்ணெயை அள்ளி எறியாம.