சோடா விளம்பரம் எதை விற்கிறது?

(காட்சி: கிரிக்கெட் ஆட்டத்தின் இடைவேளை. மொட்டை மாடியில் இளைஞர்கள் ஆடிப் பாடுகிறார்கள். கடைசியில் பெரிய எழுத்தில் ஒரு பெயர் மின்னுகிறது. அதன் கீழே, கண்ணுக்கு எட்டாத அளவில், 'சோடா' என்று இருக்கிறது.)

வணக்கம். இந்த விளம்பரத்தைப் பார்க்கும் பத்து வயதுச் சிறுவன் சோடா கேட்டு அடம்பிடிக்க மாட்டான். ஆனால் அந்தப் பெயர் அவன் மனதில் பதிந்துவிடும். அதே பெயர் எந்தப் பாட்டிலில் ஒட்டப்பட்டிருக்கிறது என்பதை, டாஸ்மாக் கடையைக் கடந்து போகும் ஏதோ ஒரு நாளில் தெரிந்துகொள்வான். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிரம்ப வேண்டும். பெயரைக் கற்றுக்கொள்ள எந்த வயது வரம்பும் இல்லை.

கேபிள் தொலைக்காட்சி விதிகள் மதுவை நேரடியாகவும் மறைமுகமாகவும் விளம்பரப்படுத்துவதைத் தடை செய்கின்றன. அதனால்தான் அதே பெயரில் சோடாவும் குடிநீரும் இசைத் தட்டுகளும் முளைத்தன. இதைப் பதிலி விளம்பரம் என்கிறார்கள்.

(காட்சி: அரங்கில் சிவப்புச் சட்டை அணிந்த சிறுவர்கள் கொடி அசைக்கிறார்கள்.)

2008-இல் ஐபிஎல் தொடங்கியபோது பெங்களூரு அணியை விஜய் மல்லையாவின் குழுமம் வாங்கியது. அந்தக் குழுமம் விற்றுவந்த விஸ்கி ஒன்றின் பெயர் ராயல் சேலஞ்ச். அணிக்குச் சூட்டிய பெயர் ராயல் சேலஞ்சர்ஸ். அணியை உயிராக நேசிக்கும் பிள்ளைகள் மீது எந்தக் குற்றமும் இல்லை. அவர்களுடைய நேசத்தின் மீது ஒரு மதுவின் பெயரை ஏற்றி வைத்த பெரியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

"விளம்பரம் யாரையும் குடிக்க வைப்பதில்லை; ஏற்கெனவே குடிப்பவரை எங்கள் பிராண்டுக்கு மாற்றுகிறது, அவ்வளவுதான்" என்பது மது நிறுவனங்களின் நெடுநாள் வாதம். இதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. பதின்வயதினர் எவ்வளவு விளம்பரம் பார்க்கிறார்கள் என்று முதலில் பதிவு செய்ய வேண்டும். சில காலம் கழித்து அதே பிள்ளைகளிடம் திரும்பப் போய், யார் குடிக்கத் தொடங்கினார்கள் என்று கேட்க வேண்டும். இப்படி நடந்த 13 ஆய்வுகளை 2009-இல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மொத்தம் 38,000-க்கும் மேற்பட்ட இளையோர். 12 ஆய்வுகளில் தொடர்பு தெரிந்தது: விளம்பரத்தை அதிகம் எதிர்கொண்டவர்களில் குடிக்காதவர்கள் குடிக்கத் தொடங்கும் வாய்ப்பும், குடிப்பவர்கள் இன்னும் அதிகமாகக் குடிக்கும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தன. பிராண்ட் மாற்றும் வாதம் இங்கே நிற்கவில்லை. குடிக்கவே தொடங்காத பிள்ளைக்கு மாற்றிக்கொள்ள என்ன பிராண்ட் இருக்கிறது?

வீட்டில் அப்பா குடிப்பதும், நண்பர்கள் வற்புறுத்துவதும், கடை பக்கத்திலேயே இருப்பதும் காரணங்கள்தான். ஆனால் குடித்தால் நட்பு கிடைக்கும், ஆண்மை கூடும், வெற்றி வரும் என்ற எதிர்பார்ப்பு முதல் மடக்குக்கு முன்பே உருவாகிறது. அதை ஊட்டுவதற்கென்றே பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்வது விளம்பரம் மட்டும்தான்.

(காட்சி: சட்ட ஆவணத்தின் ஒரு பத்தி திரையில் பெரிதாகிறது.)

2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பதிலி விளம்பரங்களைத் தடை செய்து வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. விளம்பரம் தடை செய்யப்பட்ட பொருளின் பெயர், சின்னம், நிறம், அமைப்பு எதையும் பயன்படுத்தி அதை நினைவூட்டக் கூடாது என்கிறது அது. நல்ல விதி. ஆனால் அடுத்து ஒரு விலக்கு: பெயரை வெறுமனே பயன்படுத்துவது மட்டும், வேறு ஆட்சேபம் இல்லாதவரை, பதிலி விளம்பரம் ஆகாது. எனக்கு இது பெரிய ஓட்டையாகத் தெரிகிறது. விற்கப்படுவதே அந்தப் பெயர்தானே!

பிரான்ஸ் பெயரையும் விட்டுவைக்கவில்லை. அங்கே 1991-இன் எவான் சட்டம் மது நிறுவனங்கள் விளையாட்டுக்குப் புரவலராக இருப்பதைத் தடுத்தது. ஹைனெகன் பீர் நிறுவனத்தின் பெயரால் நடந்த ஐரோப்பிய ரக்பி போட்டி, பிரான்ஸில் மட்டும் 'எச் கோப்பை' என்றே அழைக்கப்பட்டது. போட்டி நின்றுவிடவில்லை.

(காட்சி: கைபேசியில் 1915 என்ற எண்.)

இப்படியொரு விளம்பரத்தைக் கண்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் தரலாம். சேனலின் பெயர், நாள், நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் திரையைப் படம் எடுத்து வையுங்கள். பக்கத்தில் பிள்ளை இருந்தால், அந்த விளம்பரம் எதை விற்கிறது என்று அவனிடமே அல்லது அவளிடமே கேளுங்கள்.