கண்ணில் சுண்ணாம்பு பட்டால்

வணக்கம். வெற்றிலைத் தட்டத்தில் இருந்தே தொடங்குகிறேன். அம்மம்மாவின் தட்டத்தில் கிடந்த சுண்ணாம்புப் பக்கற்றை ஐந்து வயதுப் பேரன் எடுத்து, இரண்டு கையாலும் அமத்தியிருக்கிறான். மூலை வெடித்து நேரே கண்ணுக்குள். தகப்பன் மோட்டார் சைக்கிளில் முக்கால் மணித்தியாலம் ஓடிக் கொண்டுவந்தார்.

"கழுவினீங்களோ?"

"இல்லை டொக்டர், உடன வெளிக்கிட்டிட்டம்."

வளவுக்குள் கிணறு இருக்கிற வீடு அது.

அசிட்டுக்குத்தான் எல்லோரும் பயம். பற்றரித் தண்ணீர், மலசலகூடம் கழுவுகிற திரவம், அவையும் கெட்டவைதான். ஆனால் அசிட் பட்ட இடத்தில் புரதம் பால் திரைந்ததுபோல உறைந்து, ஓரளவு மறிப்பாக நிற்கும். சுண்ணாம்பு, சீமெந்து, கோஸ்டிக் சோடா அப்படியல்ல. கொழுப்பைச் சவர்க்காரமாக்கிக்கொண்டு உள்ளே இறங்கும்.

ஆகவே முதலில் தண்ணீர். "எங்கட கிணத்துத் தண்ணியிலயும் சுண்ணாம்புதானே?" என்று ஒரு வாத்தியார் கேட்டார். நல்ல கேள்வி! அது கல்லில் இருந்து கரைந்தது, கண்ணைச் சுடாது. பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்க ஆளைச் சரித்துப் படுக்கவைத்து, செம்பால் மெதுவாக ஊற்றுங்கள். பிள்ளை கத்தும், ஒருவர் தலையைப் பிடிக்க, மற்றவர் இமையை விரிக்கட்டும். குறைந்தது 20 நிமிடம், மணிக்கூட்டைப் பார்த்து. பார்க்காமல் ஊற்றினால் அது 2 நிமிடத்தில் முடிந்துவிடும். தாய்ப்பால், தேன், நந்தியாவட்டைச் சாறு ஒன்றும் வேண்டாம். சுண்ணாம்பை முறிக்கத் தேசிக்காய்ப் புளி விடுகிற கெட்டித்தனம் அறவே வேண்டாம். அதற்குப் பிறகு 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள், அல்லது ஓட்டோவில் தண்ணீர்ப் போத்தலோடு ஏறி, ஊற்றிக்கொண்டே வாருங்கள்.

அந்தப் பிள்ளையின் தாய், "கண் சிவக்கேல்லை, வெள்ளையாத்தான் கிடக்கு" என்று ஆறுதலாகச் சொன்னார். எனக்கு அதுதான் பயம். கருவிழியின் விளிம்பில் இரத்தக் குழாய்கள் அடைபட்டால் கண் வெளிறிப்போகும். கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கிற மூலக் கலங்கள் இருப்பதும் அந்த விளிம்பில்தான்.

சேலைன் விட்டோம். சிவப்பு லிட்மஸ் கடதாசியைக் கீழ் இமைக்குள் வைத்தால் நீலம், அதாவது சுண்ணாம்பின் காரம் இன்னும் உள்ளே. மறுபடி விட்டோம், மறுபடி நீலம். மேல் இமையைப் புரட்டிப் பார்த்தேன். நெல்மணியளவு சுண்ணாம்பு உள்மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பஞ்சால் எடுத்துக் கழுவிய பிறகுதான் கடதாசி நீலமாவது நின்றது.