மூட வேண்டிய பாதைகள்

நேயர்களுக்கு வணக்கம். நகரத்துக்குள் இருக்கும் குன்றுகளிலும் காடுகளிலும் நடைபாதைகளைச் சீரமைப்பது பற்றி இன்று பேசப்போகிறேன். சீரமைப்பு என்றதும் கல் பதிப்பதும் கைப்பிடி வைப்பதும்தான் நினைவுக்கு வரும். என்னைக் கேட்டால், தேவையில்லாத பாதைகளை மூடுவதுதான் அதைவிடப் பெரிய வேலை.

பாதை எப்படிக் கெடுகிறது? சரிவில் நேராக ஏறும் தடத்தில் மழைத்தண்ணீர் ஓடையாக இறங்கி மண்ணை அரிக்கும். நடுவில் பள்ளம் விழும். சேற்றுக்கு ஒதுங்கி எல்லாரும் ஓரமாக நடப்பார்கள், ஓரமும் தேயும். கொஞ்ச நாளில் பக்கத்திலேயே ஒரு குறுக்குவழி முளைக்கும். மிதிபட்டு இறுகிய மண்ணில் தண்ணீர் இறங்காது, வேருக்குக் காற்று கிடைக்காது, விதையும் எளிதில் முளைக்காது. அதனால்தான் நல்ல பாதையை மலையைச் சுற்றி வளைத்து, மெல்லிய ஏற்றமாக, வெளிப்பக்கம் சற்றே சாய்த்து வெட்டுகிறார்கள். தண்ணீர் பாதையோடு ஓடாமல் குறுக்கே வழிந்துவிடும்.

சான் பிரான்சிஸ்கோ நகரின் நடுவே ட்வின் பீக்ஸ் என்ற இரட்டைக் குன்றுகள் இருக்கின்றன. அங்கே மிஷன் புளூ என்ற சின்னஞ்சிறு நீலப் பட்டாம்பூச்சி வாழ்கிறது. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினமாக அமெரிக்க அரசு 1976-ல் அதைப் பட்டியலிட்டது. ட்வின் பீக்ஸில் அது ஏறக்குறைய இல்லாமலே போய், 2009-ல் அருகிலுள்ள சான் புரூனோ மலையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். முட்டையிட அதற்கு லூபின் செடிதான் வேண்டும், அதிலும் மூன்றே வகை. புழு சில வாரம் இலையைத் தின்னும். பிறகு செடியின் அடியில், சருகுக்குள் போய் அடுத்த வசந்தம் வரை உறங்கிக் கிடக்கும். சிறகு முளைத்துப் பறப்பதோ சில நாட்கள்தான். 'பூச்சிகள் போய்விட்டன, இனி பாதை வெட்டலாம்' என்று மண்வெட்டியை இறக்கும் இடத்தில் புழு படுத்திருக்கும்! இன்னொன்றும் உண்டு: லூபின் வெட்டவெளி மண்ணை விரும்பும் செடி. பாதையோரத்திலேயே வளரும். களை என்று பிடுங்கிவிடுவது மிக எளிது. அதனால் வேலையாட்கள் வருவதற்கு முன்பே செடி அறிந்த ஒருவர் நடந்துபோய், ஒவ்வொரு செடிக்கும் கொடி நட்டு வைக்க வேண்டும் என்பேன்.

சிங்கப்பூரின் புக்கிட் தீமா வேறொரு வழியைக் காட்டியது. 163 மீட்டர் உயரக் குன்று, அதன்மேல் மழைக்காடு. 2014 செப்டம்பரில் காட்டையே மூடினார்கள். பிறகு வார இறுதிகளில் மட்டும் உச்சிப் பாதையைத் திறந்துவிட்டு, 2016 அக்டோபரில்தான் முழுதாகத் திறந்தார்கள். சரிவுகளைப் பலப்படுத்தினார்கள், சில இடங்களில் தரைக்கு மேலே நடைமேடை எழுப்பினார்கள். கால் மேலே போகும், வேர் கீழே பிழைக்கும். எறும்புதின்னி எனப்படும் அலுங்கு போன்ற இரவு விலங்குகள் உள்ள காட்டில் பாதைக்கு விளக்குப் போடக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

சரி, பழைய தடத்தை எப்படி மூடுவது? அறிவிப்புப் பலகை மட்டும் போதாது. இறுகிய மண்ணைக் கிளறி, அந்த மண்ணுக்கே உரிய செடிகளை நட்டு, கண்ணுக்குத் தெரியும் முதல் சில அடிகளை விழுந்த கிளைகளால் மறைக்க வேண்டும். தடம் தெரியாவிட்டால் கால் திரும்பாது. மக்கள் ஏன் அந்தப் பக்கம் போனார்கள் என்றும் கேட்க வேண்டும். பெரும்பாலும் ஒரு நல்ல காட்சிக்காகத்தான். அதே காட்சியைப் பிரதான பாதையிலேயே ஓரிடத்தில் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வெளியிலிருந்து வரும் சரளையிலும் மண்ணிலும் களைவிதை இல்லாமல் பார்த்துக்கொள்வதும், இயந்திரங்களைக் கழுவிய பிறகே உள்ளே விடுவதும் அவசியம்.

திறப்பு விழாவோடு ஒப்பந்தம் முடிந்துவிட்டால், மூடிய தடத்தை அடுத்த மழைக்குப் பிறகு போய்ப் பார்க்க ஆள் இருக்காது. உங்கள் ஊரில் இப்படி ஒரு திட்டம் வந்தால், திறந்த பிறகு வரும் ஆண்டுகளின் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். வணக்கம்.